நெருக்கடி நேரத்தில் எது பெரும்பாடு: வேலையா, பதில் சொல்வதா?

மூன்றாம் ஷிப்ட் (இழையைத் தொடங்கியவர்)

ஒரு சிஸ்டம் படுத்துவிட்டால் அதை எழுப்புவது ஒரு பங்கு வேலை. "என்ன ஆச்சு, எப்போ சரியாகும்" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது மூன்று பங்கு வேலை. பல வருடமாக இரவுப் பணியில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். தொழில்நுட்பம் பற்றி இங்கே ஏற்கனவே ஏகப்பட்ட இழைகள் இருக்கின்றன. இதில் மனிதர்கள் பக்கத்தை மட்டும் பேசுவோம்.

சமீபத்தில் ஒரு இரவு. டேட்டாபேஸ் பார்க்கும் சக ஊழியர் பேக்கப்பிலிருந்து தரவை மீட்டுக்கொண்டிருந்தார், நான் பக்கத்து நாற்காலியில். அவர் ஒரு கட்டளையைப் பாதி அடித்திருப்பார், திரையின் மூலையில் செய்தி வந்து விழும்: "ஏதாவது அப்டேட்?" அதை மூடுவார். அடித்த பாதியை முதலிலிருந்து மறுபடி படிப்பார். எந்த சர்வரில் நிற்கிறோம் என்று ஒரு தடவை உறுதிசெய்துகொள்வார். விரல் என்டர் பக்கம் போகும்போது அடுத்தது விழும்: "மேலிடத்தில் கேட்கிறார்கள்." கேட்டவர்கள் யாருக்கும் தொல்லை கொடுக்கும் எண்ணம் கிடையாது. அவரவர் தலைக்கு மேலே ஒருவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அன்றைக்கு நான் கீபோர்டை விட்டுக் கையை எடுத்தேன். "இவரிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டாம், என்னிடம் கேளுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை நானே எழுதுவேன், ஒன்றும் இல்லாவிட்டாலும் எழுதுவேன்" என்று எல்லாக் குழுக்களிலும் போட்டேன். சொன்னபடி எழுதினேன். சில தடவை எழுதியது இவ்வளவுதான்: "புதிதாக எதுவும் இல்லை. மீட்பு ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த தகவல் 3:30-க்கு." படித்துப் பார்த்தால் அதில் சரக்கே இல்லை. ஆனாலும் இரண்டாவது செய்திக்குப் பிறகு குடைச்சல் அடியோடு நின்றுவிட்டது. மேலிடத்தில் இருந்தவர்கள் தூங்கப் போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

என் கட்சி இதுதான்: கெட்ட செய்தியைக் கூட ஜனங்கள் தாங்கிக்கொள்வார்கள். செய்தியே வராமல் போனால்தான் ஆளுக்கொரு கதை கட்டிக்கொண்டு பதறுவார்கள்.

இதை எல்லை வரைக்கும் கொண்டு போனவர்கள், மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தார். 2017 ஜனவரி 31 அன்று அவர்களுடைய பொறியாளர் ஒருவர் மாறிப்போய் உயிரோடு இருந்த டேட்டாபேஸின் கோப்புகளை அழித்துவிட்டார். நம்பியிருந்த பேக்கப் வழிகள் ஒன்றுக்கொன்று சளைக்காமல் கைவிட்டன. கடைசியில் சுமார் 6 மணி நேரத் தரவு போனது போனதுதான். அவர்களோ மீட்புக் குறிப்புகளை அப்படியே பொதுவில் திறந்து வைத்தார்கள், யூட்யூபில் நேரலையும் விட்டார்கள். பின்னால் வந்த அறிக்கையில் அந்தப் பொறியாளரின் பெயர் இல்லை, "குழு உறுப்பினர் 1" என்று மட்டும் இருந்தது. 

உங்கள் தொழிலில் எப்படி? கணினித் துறைக்கு வெளியே இருப்பவர்களும் எழுதுங்கள்.

---

பழைய பல்லவி

ஷிப்ட் அண்ணே, நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு சந்தேகம். அரை மணிக்கு ஒரு அப்டேட் யாருக்காக? சரிபண்றவங்களுக்கா, மேல உக்காந்திருக்கிறவங்களுக்கா?

உங்க கதையில உங்களுக்குக் கையை எடுக்க முடிஞ்சுது. எங்க டீம்ல ஆளே ரெண்டு மூணு பேர். அதுல ஒருத்தர் "தகவல் தொடர்பு"ன்னு உக்காந்துட்டா வேலை யார் பாக்குறது? அதோட இந்த அப்டேட்டுக்கு ருசி கண்டுட்டாங்கன்னா அவ்வளவுதான். முதல்ல அரை மணி, அப்புறம் கால் மணி, அப்புறம் "ஒரு கால்ல சேருங்க". அந்தக் கால்ல இருபது பேர் மியூட்ல உக்காந்து மூச்சு விடுவாங்க, ஒருத்தன் மட்டும் வேலை செய்வான். அவனும் நடு நடுவுல "கேக்குதா, என் ஸ்க்ரீன் தெரியுதா"ன்னு கேட்டுக்கிட்டே செய்வான்.

நெருக்கடின்னா நான் போனை அணைச்சிட்டு முதல்ல வேலையை முடிப்பேன். முடிஞ்சதும் "முடிஞ்சது"ன்னு ஒரு வரி. அதுதான் நான் குடுக்கிற ஒரே அப்டேட்.

---

கண்ட்ரோல் டவர்

ஓய்வுபெற்ற விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

திரு. பல்லவி சொல்வதில் பாதி சரி. விமானிகளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்த வரிசையே "முதலில் விமானத்தை ஓட்டு, பிறகு எங்கே போகிறோம் என்று பார், அதற்குப் பிறகு பேசு" என்பதுதான். பேச்சு மூன்றாவது இடம். ஆனால் அந்தப் பட்டியலில் அது இருக்கிறது, கவனியுங்கள். யாரும் அதை எடுத்துவிடவில்லை.

பேசாமல் போனதால், இன்னும் சரியாகச் சொன்னால் மென்று விழுங்கிப் பேசியதால், என்ன ஆகும் என்பதற்கு எங்கள் பயிற்சி வகுப்புகளில் தவறாமல் வரும் ஒரு விபத்து உண்டு. 1990 ஜனவரி 25, ஏவியாங்கா 52. கொலம்பியாவிலிருந்து நியூயார்க் போன விமானம். அங்கே மோசமான வானிலை, நெரிசல். ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானத்திலேயே வட்டமிடச் சொல்லிவிட்டார்கள். எரிபொருள் கரைந்துகொண்டிருந்தது. முதல் முறை தரையிறங்கப் பார்த்து முடியாமல் மேலே ஏறியபோது, விமானத் தலைவர் துணை விமானியிடம் "நமக்கு அவசரநிலை என்று சொல்" என்றார். துணை விமானி ரேடியோவில் சொன்னது, எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்ற மட்டில்தான். "அவசரநிலை" என்பதையோ, உயிராபத்து என்று அறிவிக்கும் ரேடியோச் சொல்லான "மேடே" என்பதையோ அவர் உச்சரிக்கவில்லை.

எங்கள் இருக்கையிலிருந்து பாருங்கள். அன்று மாலை வரிசையில் நிற்கும் எல்லா விமானத்துக்கும் எரிபொருள் குறைந்துகொண்டுதான் இருக்கும். "அவசரநிலை" என்று காதில் விழுந்தால் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஓடுபாதையைக் காலி செய்துகொடுப்போம். அது காதில் விழவில்லை, வரிசைப்படி திருப்பி அனுப்பினார்கள். நான்கு என்ஜின்களும் அணைந்து, லாங் ஐலண்டில் ஒரு மலைச்சரிவில் விழுந்தது. இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். எரிபொருள் இல்லாததால் தீப்பிடிக்கவில்லை; மீதிப் பேர் பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எல்லாரும் தம் தம் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தார்கள். போனை அணைத்துவிட்டு வேலையை முடிப்பேன் என்பவருக்கு என் கேள்வி: உங்களால் முடியாத நிலைமை வந்துவிட்டது என்பதை யாரிடம், எந்தக் குரலில் சொல்வீர்கள்?

இதற்கு நேர் எதிரான ஒன்றும் சொல்லிவிடுகிறேன். 1982 ஜூன் 24, இந்தோனேசியாவுக்கு மேலே எரிமலைச் சாம்பலில் மாட்டி பிரிட்டிஷ் ஏர்வேஸ் 9-இன் நான்கு என்ஜின்களும் நின்றுபோயின. கேப்டன் எரிக் மூடி பயணிகளிடம் சொன்னதன் சாரம்: ஒரு சின்னப் பிரச்சினை, நான்கு என்ஜின்களும் நின்றுவிட்டன, திரும்ப ஓடவைக்க எங்களால் ஆன எல்லாவற்றையும் செய்துகொண்டிருக்கிறோம். என்ன நடந்தது, என்ன செய்கிறோம், இரண்டும் அதில் வந்துவிட்டன. "கவலைப்படாதீர்கள்" என்று அவர் சொல்லவில்லை. நான்கு என்ஜினும் நின்ற விமானத்தில் கவலைப்படாதே என்று சொல்பவரை யார் நம்புவார்கள்? கீழே வந்ததும் என்ஜின்கள் மறுபடி ஓடின, ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கினார்கள்.

---

பழைய பல்லவி

சார், நியாயமான கேள்வி. என் வேலையில யாரும் சாக மாட்டாங்க, அதனால இப்படிப் பேசுறேன்னு வெச்சுக்கோங்க. யோசிக்கிறேன்.

---

வார்டு சிஸ்டர்

கண்ட்ரோல் டவர் சார் சொன்ன துணை விமானி மாதிரி ஆட்களை நான் தினமும் பார்க்கிறேன். ராத்திரி 2 மணிக்கு டாக்டரை எழுப்பணும். புதுசா வந்த நர்ஸ் போனில், "சார், தொந்தரவுக்கு மன்னிக்கணும், நாலாவது பெட் பேஷன்ட் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்காங்க" என்று ஆரம்பிப்பாள். "ஒரு மாதிரி" என்றால் தூக்கத்தில் இருக்கிற டாக்டருக்கு என்ன புரியும்? "காலையில் பார்க்கிறேன்" என்பார்.

இதற்காகத்தான் எங்களுக்கு எஸ்பார் என்று ஒரு முறை சொல்லிக்கொடுத்தார்கள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து மருத்துவமனைக்கு வந்த பழக்கம் அது. நான்கே படி: இப்போது நிலைமை என்ன, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், உங்களிடமிருந்து என்ன வேண்டும். அதே போனை இப்போது அவள் இப்படிப் பேசுவாள்: "நாலாவது பெட், பிரஷர் 80-க்கு 50 இறங்கியிருக்கு. சாயங்காலம் ஆபரேஷன் முடிஞ்சவர். உள்ளே ரத்தக் கசிவு இருக்குமோன்னு எனக்குச் சந்தேகம். நீங்க இப்பவே வந்து பார்க்கணும்." மூன்றாவது படிதான் கஷ்டம். "நான் நினைக்கிறேன்" என்று ஜூனியர் வாயிலிருந்து வரவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அதற்கு ஒரு படிவம் தேவைப்படுகிறது பாருங்கள். படிவத்தில் இருப்பதால் சொல்கிறேன் என்று அவள் சாக்கு வைத்துக்கொள்ளலாம், அதுவே பெரிய உதவி.

ஆனால் ஷிப்ட் தம்பி சொல்வது மணிக்கணக்கில் முடிகிற நெருக்கடி. மாதக்கணக்கில் இழுப்பது வேறு ஜாதி. 2020-இல் கொரோனா வார்டில் இருந்தேன். கவச உடை போட்டால் எல்லாரும் ஒரே உருவம், யார் டாக்டர் யார் நர்ஸ் தெரியாது. அதனால் நெஞ்சில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொள்வோம். இரண்டு கையுறைக்கு மேல் டேப்லெட்டின் தொடுதிரை லேசில் கேட்காது. வீட்டாரோடு பேஷன்டைப் பேசவைக்க ஒரு நம்பர் அழுத்துவதற்குள் வேர்த்துவிடும். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருந்து என்ன கத்தினாலும் வெளியே கேட்காது. கண்ணாடியில் எழுதினால் வெளியே இருப்பவர்களுக்கு இடம் வலமாகத் தெரியும். எங்கள் வார்டில் ஒரு தங்கை எழுத்துகளை இடம் வலம் மாற்றிப்போட்டு எழுதவே பழகிவிட்டாள். மருந்து பெயர், அளவு, எல்லாம் உள்ளேயிருந்து கண்ணாடி வழியாக வெளியே நேராகத் தெரியும். எழுதியதை வெளியே இருப்பவர் வாய்விட்டுப் படித்துக் கட்டைவிரலைக் காட்டின பிறகுதான் அழிப்பாள். அந்தக் கட்டைவிரல் முக்கியம். சொன்னேன் என்பதோடு விட்டால் பாதி வேலைதான்.

---

வாசகன் மட்டும்

சிஸ்டர், இடம் வலம் மாற்றி எழுதும் அந்தத் தங்கைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

---

கஸ்டமர்கேர் கண்மணி

இவ்வளவு பேர் எழுதியாச்சு, எங்களைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே!

ஷிப்ட் அண்ணா, நீங்கள் "எல்லாக் குழுக்களிலும் போட்டேன்" என்கிறீர்களே, அதில் கஸ்டமர் கேர் குழு இருந்ததா? முக்கால்வாசி நேரம் இருக்காது. கோளாறு வந்திருக்கிறது என்பதே எங்களுக்கு வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரியும். ஹெட்செட்டை மாட்டியவுடன் ஒருவர் கத்துவார். சரி, அவருக்கு மட்டும் பிரச்சினை போல என்று "ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்" என்போம். அடுத்தவரும் அதையே சொல்வார். நாலாவது ஆளிடம் ரீஸ்டார்ட் என்று சொல்ல எங்களுக்கே கூச்சமாக இருக்கும். பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தால் அவளும் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்புறம் ஒரு வாசகம் கொடுப்பார்கள்: "எங்கள் குழு இதில் தீவிரமாகப் பணியாற்றி வருகிறது, விரைவில் சரியாகிவிடும்." இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே கோபம் வரும். ஒரு பெரியவர் ஒருநாள் நிதானமாகக் கேட்டார்: "விரைவில்னா இன்னைக்கா, நாளைக்காம்மா? இன்னைக்கு இல்லேன்னா நான் வேற ஏற்பாடு பண்ணிக்குவேன், அதுக்குத்தான் கேக்குறேன்." அவருக்கு மன்னிப்பும் வேண்டாம், ஆறுதலும் வேண்டாம். இன்றைக்குள் வராது என்று தெரிந்தால் அவர் நாளைப் பார்த்துக்கொள்வார். அந்த ஒரு விவரம் என்னிடம் இல்லை. உள்ளே யாரிடமோ இருந்தது.

---

மூன்றாம் ஷிப்ட்

கண்மணி, இருந்தது, ஆனால் நீங்கள் கேட்பது சரி. எழுதும்போது நாங்கள் மேலே பார்த்துத்தான் எழுதுகிறோம், உங்கள் பக்கம் திரும்பி எழுதுவதில்லை. "பயனர் இன்று எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது" என்று ஒரு வரி உங்களுக்காகத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் 6 மணி நேரம் மறைந்துபோயின. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, அவர்களுடைய டேட்டா சென்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் முதுகெலும்பையே துண்டித்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால் ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கருவிகளும் அதே வலையமைப்பில்தான் இருந்தன. பழுதைச் சரிசெய்யப் பேச வேண்டும், பேசப் பழுது சரியாக வேண்டும். நேரில் ஆள் அனுப்பித்தான் உள்ளே நுழைந்தார்கள். அன்றிலிருந்து எங்கள் குழுவின் தொலைபேசி எண்கள் அச்சடித்த தாளில் சுவரில் இருக்கின்றன. பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

---

பழைய பல்லவி

யோசிச்சுட்டு வந்துட்டேன். கண்மணி சொன்ன அந்தப் பெரியவர் என்னைக் கவுத்துட்டார். முடிஞ்சதும் ஒரு வரிங்கிற என் கொள்கையை வாபஸ் வாங்கிக்கிறேன்.

ஆனா இன்னொரு எரிச்சலைக் கொட்டியே ஆகணும். நெருக்கடி முடிஞ்ச மறுவாரம் ஒரு மெயில் வரும்: "மீள்திறன் வளர்ப்பது எப்படி, இணையவழிப் பயிற்சி." மூச்சுப் பயிற்சி, நன்றி நாட்குறிப்பு, கண்ணை மூடி கடற்கரையை நினைச்சுக்கோ. ஆள் பத்தலைன்னு ரெண்டு வருசமா கத்துறோம், அதுக்குப் பதில் வராது. மூச்சு விடச் சொல்லித் தர ஆள் வருவாங்க. ராத்திரி முழுக்க முழிச்சு வேலை பாத்தவனுக்குத் தூக்கம்தான் வேணும். நெஞ்சு உரம் எல்லாம் எங்ககிட்ட தேவையான அளவு இருக்கு.

---

கண்ட்ரோல் டவர்

தூக்கம் பற்றி எழுதியதற்கு வழிமொழிகிறேன். டாசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் 1997-இல் வெளியிட்ட முடிவு எங்கள் துறையில் மிகவும் பிரபலம்: தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்குகிறது. 24 மணி நேரமானால் 0.10 சதவீதம். பல நாடுகளில் 0.05-க்கே வண்டி ஓட்ட விடமாட்டார்கள். ஆனால் விடிய விடிய விழித்தவரை "வீரன்" என்று மெச்சி இன்னொரு முக்கியமான வேலையைக் கையில் கொடுப்போம்.

நிலவுக்குப் போகும் வழியில் பழுதான அப்போலோ 13 விண்கலத்தின் கதை எல்லாருக்கும் தெரியும், அதில் எல்லாரும் தவறவிடுகிற ஒரு விஷயம் ஷிப்ட். 1970 ஏப்ரல் 13 இரவு ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது, தரைக் கட்டுப்பாட்டு அறையில் ஜீன் கிரான்ஸ் தலைமையிலான குழு பணி முடிக்கும் தறுவாயில் இருந்தது. சுமார் ஒரு மணி நேரத்தில் அவர்கள் இருக்கையைக் கிளின் லன்னியின் குழுவிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்கள். விண்வெளியில் மூன்று உயிர் ஊசலாடுகிறது, இவர்கள் ஷிப்ட் மாற்றிக்கொள்கிறார்கள்! கிரான்ஸ் குழு வீட்டுக்குப் போகவில்லை. தனி அறையில் உட்கார்ந்து, கலத்தை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்ற கணக்கைப் போட்டது. அந்த நிமிடத்தைச் சமாளிப்பவர்கள் ஒரு குழு, நான்கு நாள் தள்ளி என்ன செய்வது என்று யோசிப்பவர்கள் இன்னொரு குழு. விண்கலத்தோடு பேசுவதற்கோ ஒரே ஒரு குரல்தான், கேப்காம் என்பார்கள். அறையில் எத்தனை நிபுணர்கள் இருந்தாலும் விண்வெளி வீரர் காதில் அந்த ஒருவர் குரல்தான் விழும், அவரும் பெரும்பாலும் ஒரு விண்வெளி வீரராகவே இருப்பார். ஷிப்ட் அவர்கள் கீபோர்டிலிருந்து கையெடுத்து உட்கார்ந்தாரே, அந்த நாற்காலி அது.

---

நடுவில் நான்

மேனேஜர் என்பதால் இங்கே அடி விழும் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

நீங்கள் எல்லாரும் பேசுவது, தெரிந்ததைச் சொல்வது பற்றி. தெரிந்தும் சொல்லக் கூடாத நெருக்கடி ஒன்று இருக்கிறது. ஆட்குறைப்பு வரப்போகிறது. எனக்கு முன்கூட்டியே தெரியும், சொல்லக் கூடாது என்று எழுத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். குழுவில் ஒருத்தி தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறாள்: "வீட்டுக்கடன் போடலாம்னு இருக்கேன். போடலாமா?" பெயர்ப் பட்டியல் இன்னும் என் கைக்கு வரவில்லை. அவள் பெயர் இருக்குமா இல்லையா, எனக்கும் தெரியாது. ஆனால் பட்டியல் ஒன்று வருகிறது என்று தெரியும்.

"எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்வதுதான் வழக்கம். நான் அதைச் சொல்லவில்லை. "இதைப் பற்றி என்னால் பேச முடியாத நிலையில் இருக்கிறேன். இந்த மாதக் கடைசிக்குள் கம்பெனி ஏதாவது சொல்லும். பெரிய முடிவு எதையும் அதுவரை தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடு" என்றேன். சட்டப்படி நான் கோட்டைத் தாண்டவில்லை. அவளுக்குப் புரியவேண்டியது புரிந்தது. அன்று சாயங்காலம் குழுவில் பாதிப் பேருக்கு அது தெரிந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

மேலிடத்தில் சிலர் "முன்னாலேயே சொன்னால் மனசு உடைந்துபோவார்கள், வேலை நின்றுவிடும்" என்று வாதிட்டார்கள். நான் ஒரு ஆய்வைக் காட்டினேன். 2016-இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் வெளியிட்டது. கணினித் திரையில் கற்கள் இருக்கும். ஒரு கல்லுக்கு அடியில் பாம்பு இருக்குமா என்று ஊகிக்க வேண்டும், இருந்தால் கையில் வலிக்கும்படி ஒரு மின் அதிர்ச்சி. மக்களுக்கு மன அழுத்தம் உச்சத்துக்குப் போனது அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது இல்லை. இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதியாக இருந்தபோதுதான். அடி நிச்சயம் என்று தெரிந்தவர்கள் அதைவிட நிதானமாக இருந்தார்கள். கண்ணின் பாவையும் வியர்வையும் அளந்து பார்த்துச் சொன்னது இது.

ஆய்வைக் காட்டியதும் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அறிவிப்புத் தேதியை மட்டும் முன்கூட்டிச் சொல்ல ஒத்துக்கொண்டார்கள். அதுவே வதந்தியைப் பாதியாக்கியது.

---

பழைய பல்லவி

மேனேஜர் சார், அடிக்கிறதுக்குன்னே வந்தேன், கை வரல. தெரியாதுன்னு பொய் சொல்லாம இருந்தீங்களே, அது ஒண்ணுக்காக.

ஆனா பட்டியல்ல பேர் வந்தவங்களுக்கு அது என்னத்துக்கு ஆச்சுன்னும் கேட்டுப் பாருங்க. நல்லபடியாச் சொன்னாலும் வேலை போனது போனதுதான்.

---

வார்டு சிஸ்டர்

முடிந்த பிறகு என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல்லவி தம்பி சொன்ன பயிற்சி மெயில் மாதிரியே எங்களுக்கும் ஒன்று வந்தது: மோசமான ஷிப்ட் முடிந்ததும் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, என்ன பார்த்தீர்கள், எப்படி உணர்ந்தீர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். நல்ல எண்ணத்தில் செய்தார்கள். ஆனால் இப்படி ஒரே அமர்வில் கட்டாயப்படுத்திக் கொட்டவைப்பது பின்னாளில் வரும் மன பாதிப்பைத் தடுக்கவில்லை என்று 2002-லேயே, பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் மதிப்பாய்வு சொல்லிவிட்டது. பேச விரும்பாதவரை நோண்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் கொண்டுவந்த கையேட்டில் வேறு வழி சொல்கிறார்கள்: யாருக்கு என்ன தேவை என்று பார், அவர் பேசினால் கேள், உதவி கிடைக்கிற இடத்தோடு அவரைச் சேர்த்துவிடு.

எங்களுக்கு உண்மையில் உதவியது ஷிப்ட் ஒப்படைக்கும் நேரம்தான். பத்து நிமிடம் நின்று, ஒவ்வொரு பெட்டாக "இவருக்கு இது ஆச்சு, இது பாக்கி" என்று சொல்லிவிட்டு, கடைசியில் "இனிமே உங்க பொறுப்பு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று ஹெட் நர்ஸ் சட்டம் போட்டார். வருபவர் "எடுத்துக்கிட்டேன்" என்று சொன்னால்தான் நாங்கள் நகரலாம். அதைக் காதால் கேட்ட பிறகு வீட்டுக்குப் போனால், வழியில் "அந்த ஊசி போட்டோமா" என்று மனசு திரும்பிப் போகாது. யாராவது உடைந்து அழுததும் அந்தப் பத்து நிமிடத்தில்தான். யாரும் அழச் சொல்லவில்லை.

---

வாசகன் மட்டும்

பல வருடமாகப் படிப்பதோடு சரி, இன்றுதான் கேள்வி கேட்கிறேன். நாங்கள் இரண்டே பேர் உள்ள குழு. ஒருவர் வேலை, ஒருவர் பேச்சு என்று பிரிக்கலாம், புரிகிறது. ஆனால் ராத்திரி ஒருவர்தான் இருப்பார். அப்போது என்ன செய்வது? நாளைக்கே சுவரில் ஒட்டுகிற மாதிரி யாராவது எழுதித் தந்தால் புண்ணியமாகப் போகும்.

---

மூன்றாம் ஷிப்ட்

தனியாக இருக்கும்போது எழுதும் நேரத்தைக் குறைப்பதுதான் வழி. முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கோடிட்ட இடத்தை மட்டும் நிரப்ப வேண்டும்:

"____ வேலை செய்யவில்லை. ____ வழக்கம்போல் வேலை செய்கிறது. காரணம்: தெரியவில்லை / ____. இப்போது ____ செய்துகொண்டிருக்கிறோம். இன்று ____ மணிக்குள் சரியாகாது என்று வைத்துக்கொண்டு உங்கள் ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள். அடுத்த தகவல் ____ மணிக்கு."

ஐந்தாவது வரி கண்மணியின் பெரியவருக்காக. தனியாளாக இருந்தால் அரை மணி வேண்டாம், ஒரு மணி வையுங்கள். எதை வைத்தாலும் அந்த நேரத்தில் எழுதிவிடுங்கள், அலாரம் வைத்துக்கொண்டாவது.

---

கண்ட்ரோல் டவர்

ஒரு சேர்க்கை. தனியாக இருப்பவர் எந்தக் கட்டத்தில் இன்னொருவரை எழுப்ப வேண்டும் என்பதை அமைதியாக இருக்கும்போதே தீர்மானித்து அதே தாளில் எழுதுங்கள். உதாரணமாக, ஒரு மணி நேரத்தில் காரணம் தெரியவில்லை என்றால் கூப்பிடு. அந்த நேரத்தில் யோசித்து முடிவெடுக்கச் சொன்னால் எல்லாரும் "இன்னும் பத்து நிமிஷம் பார்ப்போம்" என்றுதான் சொல்வார்கள். கூப்பிட வேண்டிய எண்ணையும் கையால் எழுதிவையுங்கள்.

---

கஸ்டமர்கேர் கண்மணி

அந்தத் தாளில் கஸ்டமர் கேர் எண்ணும் இருக்கட்டும். எங்களை எழுப்ப வேண்டாம், நாங்கள் எப்படியும் முழித்துக்கொண்டுதான் இருப்போம்.

---

பழைய பல்லவி

இன்னும் ஒரு வரி சேருங்க: ராத்திரி முழிச்சவருக்கு மறுநாள் லீவு. அதுக்குக் கீழ மேனேஜர் கையெழுத்து.

---

நடுவில் நான்

எங்கள் தாளில் ஏற்கனவே இருக்கிறது. நள்ளிரவு தாண்டி வேலை பார்த்தவரை மறுநாள் மதியத்துக்கு முன் எந்த மீட்டிங்குக்கும் கூப்பிடக் கூடாது, முழு இரவு என்றால் அன்று லீவு. வாசகன், உங்கள் மேனேஜர் கையெழுத்துப் போடத் தயங்கினால் எங்கள் தாளை அனுப்புகிறேன், காட்டுங்கள்.

---

வாசகன் மட்டும்

அனுப்புங்கள் சார். தயங்குவார்.